சீல் வைத்த ஐஸ்

மின்சாரத்துக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தபோது ஐஸ்காரக்கா தொழிற்சாலை வாசலில் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். துறைமுகத்தில் படகுகள் கரையேறும் நேரம். தள்ளுவண்டிகளோடு எட்டுப் பேர் வரிசையில் நிற்க, ஒன்பதாவதாக வந்தவர் தன் வண்டியை நைசாக மூன்றாவது இடத்தில் சொருகியிருந்தார். வரிசையின் முதல் ஆள், வெண்கலம் என்று எல்லோரும் கூப்பிடும் மீன்காரம்மா, தன் குரலால் அந்த வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். இந்த அமளிக்கு நடுவே அக்கா ஈரக் கையால் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கினாள்.

"அன்புள்ள சந்தைப் பங்கேற்பாளருக்கு" என்று ஆரம்பித்தது கடிதம்.

"யாருக்கோ வந்தது" என்றாள் அக்கா, திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"விலாசம் உங்களதுதான்" என்று சொல்லிவிட்டுக் கொண்டுவந்தவர் போய்விட்டார்.

அந்தத் தொழிற்சாலை அவளுடையதும் அவள் கணவருடையதும். வாசலும் வியாபாரமும் அவள் பொறுப்பு. உள்ளே கம்ப்ரசரும் குழாய்களும் அவர் பொறுப்பு. அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் உடம்புக்கு ஏதோ முடியவில்லை என்று அர்த்தம். ஆறு வருஷத்துக்கு முன்னால், கையில் இருந்ததையெல்லாம் கொட்டித் தகரக் கூரை முழுக்கச் சூரியத் தகடுகளைப் பதித்தார்கள். மின்வாரியத்திலிருந்து ஓர் ஆள் வந்து ஒரு மீட்டரை மாட்டிவிட்டுப் போனார். பகலில் கூரையில் விளைவது கம்பியில் போகும். மற்ற நேரத்தில் வேண்டியது அதே கம்பியில் வரும். மாசக் கடைசியில் போனதையும் வந்ததையும் கழித்துக்கொள்வார்கள். அந்த ஆறு வருஷத்தில் இதைப் பற்றி யாரும் ஒரு கூட்டம்கூடப் போட்டதில்லை.

இப்போது கூட்டம் போட்டார்கள். வாரியத்தைக் கலைத்துவிட்டு, அந்த இடத்தில் மின்சந்தை ஆணையம் என்று ஒன்று வந்திருந்தது. பெரிய மண்டபம், மேடையில் ஒன்பது நாற்காலி, நாற்காலிக்கு ஒரு பூங்கொத்து. ஆணையத்தின் இயக்குநர் எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, இதுநாள்வரை நீங்கள் என்ன செய்தீர்கள்? ஸ்விட்சைப் போட்டீர்கள், விளக்கு எரிந்தது. யாரிடம் வாங்குகிறோம், என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று ஒரு நிமிஷமாவது உங்களைக் கவலைப்பட விட்டார்களா? அந்த உரிமையை உங்களுக்கு மறுத்தார்கள். இன்று நாற்பது நிறுவனங்கள் உங்கள் வாசலில் நிற்கின்றன. இனி ஒவ்வொரு நாளும் நீங்கள் கவலைப்படலாம். இந்தச் சந்தையில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதை உறுதிசெய்யத்தான் எல்லோரும் கட்டாயம் சேர வேண்டும் என்று விதித்திருக்கிறோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் அக்கா எழுந்தாள். "ஐயா, என் கூரையில வர்ற கரண்டை இனிமே யாரு எடுத்துக்குவாங்க?"

"யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் அம்மா."

"எடுத்துக்கலைன்னா?"

"அது அவர்களுடைய சுதந்திரம்" என்றார் இயக்குநர். அதற்கும் கைதட்டினார்கள்.

வெளியே வரும்போது செங்கல் கனத்துக்கு ஒரு விதிப்புத்தகத்தையும், கணினியில் நுழைய ஒரு கடவுச்சொல்லையும் கையில் திணித்தார்கள். நாளைக்குத் தன் கூரையில் எவ்வளவு மின்சாரம் வரும் என்பதை அவள் இன்றைக்குக் காலை பத்து மணிக்குள் எழுதித் தர வேண்டும். மொத்தமாக அல்ல, கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம் வீதம். ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு கட்டம்.

முதல் நாள், இருட்டு வேளைக்கான கட்டங்களில் "சூரியன் இருக்காது" என்று எழுதினாள். எண் மட்டும்தான் எழுதலாம் என்றது கணினி. பூஜ்யம் போட்டாள். பூஜ்யத்துக்குக் காரணம் கேட்டது. காரணங்களை அதுவே வரிசையாக வைத்திருந்தது: இயந்திரக் கோளாறு, வேலைநிறுத்தம், எரிபொருள் பற்றாக்குறை. யோசித்துப் பார்த்ததில் மூன்றாவதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. ஐம்பது கட்டத்துக்கும் எரிபொருள் பற்றாக்குறை என்று போட்டுவிட்டு எழுந்தாள். விரல் வலித்தது.

மறுநாளே ஆணையத்திலிருந்து பங்கேற்பு அதிகாரி போன் செய்தார். மரியாதையான மனிதர்.

"மேடம், உங்க நிலையத்துல ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை மணி நேரம் எரிபொருள் பற்றாக்குறைன்னு பதிவாயிருக்கு. கவலைக்கிடமா இருக்கே."

"சார், அது சூரியன். சாயங்காலம் போயிட்டு காலைல வரும்."

"சரி. அவங்களோட எழுத்துப்பூர்வமா ஒப்பந்தம் ஏதாவது இருக்கா?"

"யாரோட?"

"எரிபொருள் தர்றவங்களோட."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். "சூரியனோடயா சார்?"

"நிலக்கரி நிலையங்கள்லாம் ஒப்பந்தம் குடுத்துட்டாங்க மேடம். உங்களுக்கு மட்டும் தனி விதின்னா அது பாரபட்சம் ஆயிடும். எல்லாருக்கும் சமமான களம் வேணும் இல்லையா?"

ஒப்பந்தம் இல்லாத குறைக்கு அவளுடைய நிலையத்தை 'நம்பகமற்றது' என்ற பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் அவளோடு காற்றாலைக்காரர் ஒருவரும் இருந்தார். காற்று தனக்கு எதையும் எழுதித் தர மறுக்கிறது என்று அவர் மனுப் போட்டிருந்தார்.

இரண்டாவது வாரம் மேகம் வந்தது. பதினொன்றே கால் மணிக்கு வந்து, பன்னிரண்டு மணி வரை கூரைக்கு மேலேயே நின்றுவிட்டுப் போனது. அந்த மூன்று கட்டத்திலும் அவள் எழுதிக்கொடுத்ததைவிடக் குறைவாக மின்சாரம் போயிருந்தது. அபராதம் வந்தது. பயந்துபோய் அடுத்த நாளுக்குக் குறைத்து எழுதினாள். அன்றைக்கு வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது, எழுதியதைவிட அதிகமாகப் போனது. அதற்கும் அபராதம் வந்தது.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு ஆணையத்துக்கே போனாள். அலுவலகம் ஏழாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை, நடைபாதையில் விளக்கு எரியவில்லை. படியேறி மூச்சு வாங்க உள்ளே போனால், பங்கேற்பு அதிகாரி ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு, விதிப்புத்தகத்தின் அட்டையைக் கிழித்து விசிறிக்கொண்டிருந்தார். கழுத்தில் ஈரக் கைக்குட்டை.

"கரண்ட் இல்லையா சார்?"

"நாற்பது நிறுவனத்துல எதை எடுக்கறதுன்னு உபகுழு போட்டிருக்கோம். சந்தை திறந்த நாள்லேருந்து கூடிட்டிருக்காங்க. அவசரப்பட்டு ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா மத்த முப்பத்தொன்பது பேர் வழக்குப் போட்டுடுவாங்க. உக்காருங்க."

அக்கா உட்காரவில்லை. "மேகம் வந்ததுக்கு நான் எப்படி சார் பொறுப்பு?"

"நீங்க சொல்லியிருக்கணும் மேடம்."

"மேகம் எங்கிட்ட சொல்லலையே."

"சந்தைக்கு மேகம்லாம் தெரியாது. சந்தைக்கு உங்களைத்தான் தெரியும்." அவர் குரலில் உண்மையான அனுதாபம் இருந்தது. "இதைவிட முக்கியமா ஒண்ணு உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். மத்தியானத்துல நீங்க கரண்ட் குடுக்கறீங்க இல்லையா? அதே நேரத்துல எல்லாக் கூரைக்காரங்களும் குடுக்கறாங்க. அதனால விலை கீழ போயிடுது."

"கீழன்னா? இலவசமா?"

"இலவசத்துக்கும் கீழ."

"அதுக்குக் கீழ என்ன சார் இருக்கு?"

"நீங்க கரண்டும் குடுத்து, அதை எடுத்துக்கறதுக்குக் காசும் குடுக்கணும். நேத்து மத்தியானம் குடுத்திருக்கீங்க."

அக்கா இப்போது உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் வழியே ஊரின் விளிம்பில் நிலக்கரி நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. நிதானமாகப் புகைந்துகொண்டிருந்தது.

"அவங்களும் மத்தியானம் குடுக்கறாங்களே. அவங்களும் காசு கட்டறாங்களா?"

"அவங்களால நிறுத்த முடியாது மேடம். ஒரு தடவை அணைச்சா மறுபடி கிளப்ப ரெண்டு நாள் ஆகும். அந்தக் கஷ்டத்துக்காக அவங்களுக்கு மாசாமாசம் ஒரு படி குடுக்கறோம். நெகிழ்வின்மைப் படின்னு பேர்."

"நிறுத்த முடியாதவங்களுக்குப் படி. என்னால சொன்ன நிமிஷமே நிறுத்த முடியும். எனக்கு என்ன?"

"நீங்க நிறுத்திடலாம்" என்றார் அதிகாரி, விசிறியபடியே.

அன்றிலிருந்து அவளுடைய போனில் தினமும் பதினொரு மணிக்கு ஒரு செய்தி வந்தது: 'பதினொன்றரை முதல் இரண்டேகால் வரை உற்பத்தியை நிறுத்தவும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.' வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம் பார்த்து அக்கா கூரை மின்சாரத்தை அணைத்தாள். அணைத்துவிட்டு, கம்ப்ரசர் ஓடுவதற்கு நாற்பது நிறுவனங்களில் ஒன்றிடம் மின்சாரம் வாங்கினாள். அந்த மின்சாரத்தின் விலை மட்டும் இறங்கவே இல்லை. போனில் கேட்டபோது, இறங்கியது மொத்த விலை என்றும், சில்லறை விலை வேறு பிரிவு, நான்காவது மாடி என்றும் அதிகாரி விளக்கினார்.

"சார், என் தலைக்கு மேல வர்ற கரண்டை நானே எடுத்துக்கறேனே. யாருக்கும் தொந்தரவில்லை."

"அது முடியாது மேடம். நீங்க விக்கிறவங்களா பதிவாயிருக்கீங்க. விக்கிறவரும் வாங்குறவரும் ஒரே ஆளா இருந்தா விலையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"எதுக்கு சார் விலை கண்டுபிடிக்கணும்?"

எதற்கு மூச்சு விட வேண்டும் என்று கேட்டால் ஒரு மனிதர் எப்படித் திகைப்பாரோ, அப்படித் திகைத்துப் போனார் அதிகாரி.

அந்தப் பேச்சு நடக்கும்போது அக்காவின் கணவர் பக்கத்தில் ஒரு குழாயின் இணைப்பை இறுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானச் செய்தி வந்து அக்கா கூரை மின்சாரத்தை அணைக்கப் போனபோது, கூரையிலிருந்து கம்ப்ரசருக்கு நேராக ஒரு புதுக் கம்பி போயிருந்தது. நடுவில் எங்கிருந்தோ பிடித்துவந்த ஒரு பெட்டி. அவர் வெளிப்பக்கத்து ஸ்விட்சை இறக்கினார், பெட்டியின் ஸ்விட்சை ஏற்றினார். கம்ப்ரசர் ஒருமுறை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"ஏங்க, இது சரியா?"

"ஐஸ் உறையுது" என்றார்.

உறைந்தது. மத்தியான வெயிலை முழுசாக வாங்கியதில் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு ஐஸ் உறைந்தது. உறைந்த பாளங்களைக் குளிர் அறையில் அடுக்கி, சாக்குப் போட்டு மூடி, படகு வரும் நேரத்துக்கு விற்றார்கள். மூன்று வாரம் அக்காவின் வாசலில் சண்டையே இல்லை. வரிசையில் கடைசி ஆளுக்கும் பாளம் கிடைத்தது. "என்னக்கா, கல்லு மாதிரி இருக்கு" என்று வெண்கலம் பாளத்தைத் தட்டிப் பார்த்துச் சிலாகித்தாள்.

நான்காவது வாரம் ஆய்வாளர் வந்தார். கூட ஓர் உதவியாளர், அவர் கையில் அரக்கும் மெழுகுவத்தியும். ஆய்வாளர் குளிர் அறைக்குள் நுழைந்து, சாக்கை விலக்கி, ஒரு பாளத்தைப் பேனாவால் தொட்டார்.

"இது என்ன?"

"ஐஸ் சார்."

"எப்ப செஞ்சது?"

"நேத்து மத்தியானம்."

"எப்ப விப்பீங்க?"

"நாளைக் காலைல, படகு வந்ததும்."

ஆய்வாளர் உதவியாளரைப் பார்த்தார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். "நேத்து மத்தியானத்துக் கரண்டை நாளைக் காலை வரைக்கும் வச்சிருக்கீங்க. இதுக்குப் பேரு சேமிப்பு நிலையம். உரிமம் எங்க?"

"சார், இது ஐஸ் தொழிற்சாலை. முப்பது வருஷமா இங்க ஐஸ்தான் செய்யறோம்."

"முப்பது வருஷமாவா?" என்று எழுதிக்கொண்டார் ஆய்வாளர்.

குளிர் அறையில் நானூறு பாளம் இருந்தது. அத்தனையும் சாட்சியம் என்று சொல்லிக் கதவைச் சாத்தி, பூட்டுக்கு மேல் துணி சுற்றி, அரக்கு உருக்கி சீல் வைத்தார்கள். கூரைக் கம்பியையும் கம்ப்ரசர் ஸ்விட்சையும் சேர்த்து சீல் வைத்தார்கள்.

"சார், கம்ப்ரசர் நின்னா உள்ள இருக்கறது கரைஞ்சிடும்."

"விசாரணை முடியற வரைக்கும் சாட்சியத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

"கை வைக்க வேணாம் சார். குளிர் மட்டும் போகட்டும்."

"சாட்சியத்தோட நிலைமையை மாத்தறது குற்றம்" என்றார் ஆய்வாளர். அவர் அறிக்கையை எழுதி முடித்துக் கையெழுத்து வாங்குவதற்குள் கதவுக்கு அடியிலிருந்து ஒரு நீர்க்கோடு வந்து அவருடைய செருப்பைத் தொட்டது. அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

மறுநாள் காலை வரிசை வந்தது, பார்த்தது, நின்றது. வெண்கலம் இரண்டு கூடை மீனோடு வந்திருந்தாள். பூட்டியிருந்த கதவுக்குப் பின்னால் ஐஸ் சொட்டும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வேறு தொழிற்சாலை ஊருக்கு அந்தப் பக்கம். அங்கே போய்ச் சேருவதற்குள் அவளுடைய இரண்டு கூடையும் நாறிவிட்டது. வெண்கலம் அக்காவைத் திட்டவில்லை. அன்றிலிருந்து அக்காவின் வாசல் பக்கமே வரவில்லை, அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

பதினோராம் நாள் விசாரணை. சாட்சியம் இருக்கும் இடத்திலேயே நடத்த வேண்டும் என்பது விதி. ஆகவே இயக்குநர், பங்கேற்பு அதிகாரி, ஆய்வாளர் மூவரும் தொழிற்சாலைக்கே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சீல் உடையாமல் இருப்பதைப் பார்த்து மூவரும் குறித்துக்கொண்டார்கள். பிறகு உடைத்தார்கள். உள்ளே நனைந்த சாக்குகள் இருந்தன.

இயக்குநர் உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "சாட்சியம் எங்கே?"

"கரைஞ்சு போச்சு ஐயா."

"யாருடைய அனுமதியோடு?"

பங்கேற்பு அதிகாரி தணிந்த குரலில் குற்றச்சாட்டைத் திருத்தி வாசித்தார். உரிமம் இல்லாமல் ஆற்றலைச் சேமித்தது ஒன்று. சேமித்ததை விலை கோராமல் வெளியேற்றியது இரண்டு.

"எங்க வெளியேத்தினீங்க மேடம்? பதிவுக்காகக் கேக்கறேன்."

"கதவுக்கு அடியில. அங்கேருந்து கால்வாய். கால்வாயிலேருந்து கடல்."

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். "கடல் பதிவு பெற்ற வாங்குபவர் இல்லை" என்று இயக்குநரிடம் சொன்னார்.

அக்கா அதுவரை அடக்கிவைத்திருந்தது அப்போது வெளியே வந்தது. "ஐயா, எனக்கு ஒண்ணுமே வேணாம். விலை வேணாம், படி வேணாம். வெயில் என் கூரையில விழுது. அதுல நான் ஐஸ் செய்யறேன். மீன் கெடாம இருக்கு. இதுல யாருக்கு என்ன நஷ்டம், அதை மட்டும் சொல்லுங்க."

இயக்குநர் எழுந்து நின்றார். மைக் இல்லாவிட்டாலும் மண்டபத்தில் பேசுவதுபோலவே பேசினார்.

"இந்த அம்மா சொல்வதை எல்லோரும் கவனியுங்கள். இவரே உற்பத்தி செய்வாராம், இவரே பயன்படுத்துவாராம், நடுவில் யாரும் வேண்டாமாம். இவரைப் பார்த்து நாளை எல்லோரும் இப்படிக் கிளம்பினால் என்ன ஆகும்? எல்லோருக்கும் மின்சாரம் இருக்கும். மீன் கெடாது. ஆனால் சந்தை? ஆணையம்? ஏழு மாடிக் கட்டடம்? மின்சாரத்தைக் காப்பாற்றும் பொறுப்பை யாரும் நமக்குத் தரவில்லை நண்பர்களே. சந்தையைக் காப்பாற்றும் பொறுப்பைத்தான் தந்திருக்கிறார்கள்."

பழக்கதோஷத்தில் ஆய்வாளர் கைதட்டினார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தீர்ப்பு தாராளமாகவே இருந்தது. மீதி சீல்களையும் எடுத்துவிடலாம். சேமிப்பு நிலைய உரிமம் வாங்கலாம். அதற்கு ஐந்து ஏக்கர் இடமும், ஐஸ் தீப்பிடிக்காது என்று தீயணைப்புத் துறையின் சான்றும் வேண்டும். அல்லது மத்தியானத்தில் ஐஸ் செய்யாமல் இருக்கலாம். இரண்டும் பிடிக்கவில்லை என்றால் சந்தையிலிருந்து விலகலாம். "விலக உங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு" என்றார் இயக்குநர். "வெளிக்கம்பியைத் துண்டித்துவிடுவோம். மனம் மாறி மறுபடி கேட்டால் வரிசையில் நிற்க வேண்டும். இப்போதைக்கு வரிசை ஒன்பது வருஷம்."

வெளிக்கம்பி இல்லாவிட்டால் வெயில் இருக்கும்போது மட்டும்தான் ஐஸ். மழைக்காலம் வந்தால் வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நனைந்த சாக்கு ஒன்றை எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

"வெட்டச் சொல்லு" என்றார்.

வெட்டுவதற்கு மின்கம்பி நிறுவனத்திலிருந்து லைன்மேன் ஒருவர் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். ஏணியைச் சாய்த்துவிட்டு ஒரு தரம் கேட்டார். "அக்கா, நல்லா யோசிச்சுக்குங்க. வெட்டினா வெட்டினதுதான்."

"யோசிச்சாச்சு. வெட்டுப்பா."

அவர் ஏறி வெட்டினார். கம்பி தளர்ந்து சுவரோரம் விழுந்தது. உள்ளே கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது. லைன்மேன் இறங்கிவந்து சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார், வாசித்தார், கம்ப்ரசர் இருந்த திசையைப் பார்த்தார், மறுபடி வாசித்தார்.

"என்னப்பா?"

"துண்டிச்சதுக்கு அப்புறம் இயந்திரங்கள் நின்றனவான்னு கேட்டிருக்குக்கா. 'நின்றன'ன்னு எழுதினாத்தான் வாங்கிக்குவாங்க. 'நிற்கவில்லை'ன்னு எழுதறதுக்கு இடமே இல்லை."

"பொய் எழுதேன், என்ன இப்ப."

"கையெழுத்து என்னது இல்லையா" என்றார் லைன்மேன் சங்கடத்தோடு.

கணவர் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நிழலில் போட்டார். லைன்மேன் உட்கார்ந்தார். அக்கா அவருக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள். விஷயம் காதில் விழுந்து வெண்கலம் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இனிமேல் ராத்திரி குளிர் அறைக்குக் கரண்ட் இருக்காது, அதனால் படகு நேரத்துக்கு ஐஸ் இருக்காது, முதல் நாள் சாயங்காலமே வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அக்கா சொன்னாள். வரிசையில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைக்கே போய்விட்டார்கள் என்று வெண்கலம் சொன்னாள். "எனக்கு அவ்வளவு தூரம் தள்ள முடியலை. அதான் வந்தேன்" என்றும் சொன்னாள். இருவரும் கொஞ்ச நேரம் ஆணையத்தை வாயாரத் திட்டினார்கள். லைன்மேன் கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்தது. ஐந்தரைக்குக் கம்ப்ரசரின் சத்தம் தணிந்தது. ஆறு அடிக்கச் சற்று முன்னால் இரண்டு முறை இழுத்து, தானாகவே நின்றது. லைன்மேன் எழுந்து உள்ளே போய் இயந்திரத்தின் மேல் கை வைத்துப் பார்த்தார். வெளியே வந்து 'நின்றன' என்று நிறுத்தி நிதானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, அக்காவிடமும் வாங்கிக்கொண்டார்.

கணவரும் வெண்கலமும் உள்ளே அச்சுகளைக் கவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். பாளங்கள் தரையில் வழுக்கி வந்தன. லைன்மேன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, போகிறபோக்கில் கேட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக்கா மெஷின் ஓடும்?"

அக்கா கொக்கியால் ஒரு பாளத்தை இழுத்து வண்டியில் ஏற்றினாள்.

"அதை மட்டும் எங்கிட்ட கேக்காதே" என்றாள்.